எபோனைட் தகட்டில் மின்னூட்டம் நிற்கவில்லை: கெட்டது உள்ளேயா, மேலேயா?

கதிர்_ஆய்வகம்:

வணக்கம். இயற்பியல் ஆய்வகம் ஒன்றின் கருவிகளைப் பராமரிக்கிறேன். அலமாரியின் அடித்தட்டில் தேய்த்து நிலைமின்னூட்டம் உண்டாக்கும் எளிய கருவியான பழைய எலெக்ட்ரோபோரஸ் ஒன்று கிடைத்தது. சுமார் 25 சென்டிமீட்டர் விட்டமும் 8 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எபோனைட் (கடின ரப்பர்) வட்டத்தகடு, அதைத் தாங்க ஓர் உலோகத் தட்டு, மேலே கண்ணாடிக் கைப்பிடி போட்ட பித்தளைத் தட்டு. மூன்றும் உடையாமல் இருக்கின்றன.

கம்பளியால் எபோனைட்டை நன்றாகத் தேய்த்து, பித்தளைத் தட்டை அதன்மேல் வைத்து, விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுத் தூக்கினால் பொறி வரவேண்டும். முதல் தடவை லேசாக ஒன்று வந்தது. பத்து விநாடி கழித்து மறுபடி தூக்கினேன், ஒன்றுமே இல்லை. தேய்த்து வைத்தால் மணிக்கணக்கில் தாங்க வேண்டிய பொருள் இது என்றுதான் படித்திருக்கிறேன்.

தகட்டின் மேல்பக்கம் பச்சை கலந்த பழுப்பாகிவிட்டது. உலோகத் தட்டில் உட்கார்ந்திருந்த கீழ்ப்பக்கம் இன்னும் நல்ல கறுப்பு. மல்டிமீட்டரில் பார்த்தால் இரண்டு பக்கமும் அளவு எல்லையைத் தாண்டித்தான் காட்டுகிறது, அதாவது வித்தியாசமே தெரியவில்லை. அப்படியானால் மின்னூட்டம் எங்கே போகிறது? எபோனைட்டின் மின்காப்புத் தன்மையே காலத்தால் போய்விடுமா?

மெகர்_மாணிக்கம்:

தம்பி, மல்டிமீட்டரை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். இந்த வேலைக்கு அது உதவாது. சாதாரண மல்டிமீட்டர் 2 கோடி, மிஞ்சினால் 4 கோடி ஓம் வரை அளக்கும். உங்கள் தகடு இருக்கும் உலகமே வேறு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடின ரப்பரின் மின்தடை எண் 10¹³ ஓம்-மீட்டரில் தொடங்கி அதற்கு மேலே போகும். குறைந்த அளவையே எடுத்துக்கொள்வோம். 25 சென்டிமீட்டர் விட்டம், 8 மில்லிமீட்டர் தடிமன் என்றால் மேலிருந்து கீழாக மின்தடை ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி ஓம். ஈரம் படிந்து, மேல்பரப்பு வழியாக வெறும் 1000 கோடி ஓம் அளவுக்கு ஒரு கசிவுப் பாதை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். காப்பு 160 மடங்கு கெட்டுவிட்டது. மல்டிமீட்டர் அப்போதும் எல்லை தாண்டிவிட்டது என்றுதான் சொல்லும். அதனால்தான் இரண்டு பக்கமும் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகிறது.

மின்னூட்டம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் இதே கணக்கில் பார்த்துவிடலாம். எபோனைட்டின் மின்காப்பு மாறிலி சுமார் 3. உங்கள் தகட்டை ஒரு மின்தேக்கியாக நினைத்தால் சுமார் 160 பிக்கோஃபாரட் வரும். 1.6 லட்சம் கோடி ஓம் வழியாகக் கசிந்தால் மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டுமே மிஞ்சும் நிலைக்கு வர நாலரை நிமிடம் ஆகும். மின்தடை எண் 10¹⁵ உள்ள நல்ல சரக்காக இருந்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல். 1000 கோடி ஓம் பாதை இருந்தாலோ இரண்டு விநாடிக்குள் அந்த நிலைக்கு வந்துவிடும். நீங்கள் சொல்லும் பத்து விநாடி இந்த மூன்றாவது வகையோடுதான் பொருந்துகிறது.

ஆக, உள்ளே எதுவும் ஆகவில்லை, மேல்பரப்புதான் கெட்டிருக்கிறது என்பது என் ஊகம். அதைச் சரிபார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். தகட்டைத் திருப்பிப் போட்டுக் கறுப்புப் பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள். உடம்பு கெட்டிருந்தால் அந்தப் பக்கமும் தாங்காது.

நிலவன்_88:

இடையில் ஒரு சந்தேகம். எபோனைட் கறுப்பாக இருப்பதே கார்பன் கலந்திருப்பதால்தானே? டயர் ரப்பரில் கார்பன் கலப்பார்கள், அது ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் எபோனைட் எப்படி இவ்வளவு நல்ல காப்பானாக இருக்க முடியும்?

கந்தகம்_30:

நிலவன், நல்ல கேள்வி. ரப்பர் கலவைத் தயாரிப்பில் பல வருடம் இருந்தவன் என்பதால் நானே சொல்கிறேன்.

எபோனைட்டின் கறுப்பு கார்பன் தூளால் வருவதில்லை. நாம் தினமும் தொடும் மென்மையான ரப்பரில் 100 பங்கு ரப்பருக்கு 1 முதல் 3 பங்கு கந்தகம் போதும். எபோனைட்டுக்கு 30 முதல் 50 பங்கு வரை போடுவோம். பிறகு 150 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் வேக வைக்க வேண்டும். ரப்பர் சங்கிலிகளில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளில் பெரும்பாலானவற்றைக் கந்தகம் பிடித்துக்கொள்ளும். சங்கிலிகள் இப்படி அடுத்தடுத்துக் கட்டப்பட்டுவிடுவதால்தான் இழுபடும் ரப்பர் மரம்போலக் கெட்டியாகிறது. நிறமும் அந்த வினையிலேயே ஆழ்ந்த பழுப்பாகி, தடிமனாகப் பார்க்கும்போது கறுப்பாகத் தெரிகிறது. மெல்லிய சீவலை விளக்குக்கு நேராகப் பிடித்தால் சிவந்த பழுப்பைப் பார்க்கலாம். கருங்காலி மரத்தின் ஆங்கிலப் பெயரான எபொனி என்பதிலிருந்துதான் எபோனைட் என்ற பெயரே வந்தது. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார். கந்தகத்தை அதிகமாக்கிக் கெட்டி ரப்பர் செய்யும் முறைக்கு அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

காப்புத் தன்மைக்கு வருவோம். இதில் கார்பன், ஹைட்ரஜன், கந்தகம் மூன்றுதான், எல்லாமே இறுக்கமான சகப்பிணைப்புகள். ஓட்டத்துக்கு விடுபட்ட எலக்ட்ரான் கிடையாது. நீரை இழுத்துப் பிடிக்கும் ஹைட்ராக்சில் தொகுதியும் கிடையாது. இந்த இரண்டாவது விஷயத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். பழைய வகைப் பிளாஸ்டிக்கான பேக்கலைட்டில் அந்தத் தொகுதி இருக்கிறது, அதனால் அது ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். எபோனைட்டின் உடம்புக்குள் தண்ணீர் அவ்வளவு சுலபமாகப் போகாது.

விலையைக் குறைக்கவோ உறுதியைக் கூட்டவோ கார்பன் தூளும் வேறு தூள்களும் சேர்த்துச் செய்த எபோனைட்டும் உண்டு. அதை மின்காப்புக்கு நம்பக் கூடாது. பார்வையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தக் கலவை என்று தெரியாத கறுப்புத் தண்டை எபோனைட்தானே என்று எடுத்துப் போடாதீர்கள்.

கதிர்_ஆய்வகம்:

மாணிக்கம் ஐயா, திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன்! கறுப்புப் பக்கத்தைத் தேய்த்து அப்படியே விட்டேன். 1 நிமிடத்தில் நல்ல பொறி, 5 நிமிடத்தில் நல்ல பொறி, 15 நிமிடம் கழித்தும் சத்தம் கேட்கும் அளவுக்குப் பொறி. அதே தகடு, அதே அறை, அதே கம்பளி. உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று இப்போது நம்புகிறேன். ஆனால் மேல்பக்கம் ஏன் இப்படி ஆனது?

மெகர்_மாணிக்கம்:

மிக்க மகிழ்ச்சி தம்பி. காரணம் வெளிச்சம்.

எபோனைட்டில் எடையில் ஏறத்தாழ கால் பங்கோ அதற்கு மேலோ கந்தகம் இருக்கிறது. சூரிய ஒளி, முக்கியமாக அதன் புற ஊதாப் பகுதி, மேல்பரப்பில் விழும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு அந்தக் கந்தகம் வினைபுரிகிறது. ஈரமும் சேர்ந்தால் முடிவில் கந்தக அமிலம்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலமாக அது பரப்பில் இருக்கும். கந்தக அமிலம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய பிறகு அது அயனிகள் நிறைந்த கடத்தும் படலமாகிவிடுகிறது. உங்கள் மின்னூட்டம் அந்தப் படலத்தின் வழியாக விளிம்புக்கு ஓடி, அங்கிருந்து கீழேயுள்ள உலோகத் தட்டில் இறங்கிவிடுகிறது. பச்சையும் பழுப்பும் அந்தப் பரப்புச் சிதைவின் அடையாளம். கீழ்ப்பக்கம் வெளிச்சமே பார்க்கவில்லை, அதனால் பிழைத்தது.

நிலைமின் அளவீடு செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். அதனால்தான் நுட்பமான மின்னளவிகளில் அம்பர், கந்தகக் கட்டி, உருக்கிய குவார்ட்ஸ் ஆகியவற்றுக்கு மாறினார்கள். பிறந்த புதிதில் எபோனைட் அவற்றுக்குப் பெரிதாகச் சளைத்ததல்ல. வெயிலில் வைத்த பிறகுதான் தோற்றுப்போகிறது.

இதனால்தான் எபோனைட்டுக்கு அட்டவணையில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். உடம்புக்கு ஓர் எண், தோலுக்கு ஓர் எண். முறையாக அளக்கும்போது நடு மின்முனையைச் சுற்றி ஓர் உலோகப் பாதுகாப்பு வளையம் போட்டு, பரப்பில் ஓடும் மின்னோட்டத்தைத் தனியாக வாங்கிவிடுவோம். அப்போதுதான் உடம்பின் உண்மையான அளவு கிடைக்கும். வளையம் இல்லாமல் அளந்தால் நீங்கள் அளப்பது பெரும்பாலும் அழுக்கின் மின்தடை.

வால்வு_வாசன்:

ஐயா சொல்வதை என் மேசையில் பல முறை பார்த்திருக்கிறேன். 1920-களின் ரேடியோப் பெட்டிகளைச் சீர்செய்வது என் பொழுதுபோக்கு. அந்தக் காலத்து முகப்புத் தகடு பெரும்பாலும் எபோனைட்தான். ஒரு பெட்டியில் வால்வு (வெற்றிடக் குழல்) நன்றாக இருக்கிறது, சுருள் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒலி மட்டும் சோர்ந்து கேட்டது. வால்வின் கட்டுப்பாட்டு மின்முனையான கிரிட்டின் சுற்றில் 20 லட்சம் ஓம் அளவில் மின்தடை போட்டிருப்பார்கள். அதற்கு இணையாகத் தகட்டின் பரப்பே சில லட்சம் ஓமுக்கு இறங்கிவிட்டால் சுற்று எப்படி ஒழுங்காக வேலை செய்யும்? என் பெட்டியில் பித்தளை முனைகளைச் சுற்றிப் பச்சைப் படிவு வேறு, இரண்டு முனைக்கும் நடுவே பாலம் கட்டியதுபோல. அங்கே மட்டும் துடைத்ததும் பெட்டி பேச ஆரம்பித்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எபோனைட்டையும் வெள்ளியையும் ஒரே பெட்டியில் மூடி வைக்காதீர்கள். தகட்டிலிருந்து மெதுவாக வெளியேறும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளி முனைகளைக் கறுப்பாக்கிவிடும். செம்பும் தப்பாது. ரப்பர் உறை போட்ட பழைய செம்புக் கம்பிகளுக்கு வெள்ளீயம் பூசியிருப்பதும் இதற்காகத்தான்.

செந்தில்_சூடு:

தலைப்பைவிட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். என்னிடம் 40 மில்லிமீட்டர் எபோனைட் தண்டு ஒன்று இருக்கிறது. வெந்நீர்த் தொட்டி ஒன்றின் ஹீட்டர் முனைகளுக்கு அடியில் வைக்க அதிலிருந்து வில்லைகள் வெட்டலாம் என்று நினைக்கிறேன். மின்சாரத்தையும் தடுக்கும், சூட்டையும் தடுக்கும். ஒரே பொருளில் இரண்டு வேலையும் முடிந்துவிடும் அல்லவா?

கடைசல்_கோமதி:

செந்தில், தயவுசெய்து செய்யாதீர்கள்.

நான் லேத்தில் எபோனைட் கடைபவள். மைப்பேனா உடல்கள், மைநாக்குகள், கிளாரினெட் வாய்முனைகள். இந்தப் பொருள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதன் பலவீனமும் கைக்குத் தெரியும். 70, 80 டிகிரி செல்சியஸ் வந்தாலே அது தளர ஆரம்பித்துவிடும். உருகாது, கசிந்து ஓடாது. ஆனால் அழுத்தம் கொடுத்தால் வளைந்து கொடுக்கும். வளைந்துபோன வாய்முனையை வெந்நீரில் வைத்து நிமிர்த்துவது எங்கள் தொழிலில் சாதாரணம். அந்தத் தொட்டியில் இருப்பதும் வெந்நீர்தானே?

எனக்கே ஒருமுறை நேர்ந்தது. பட்டறை மோட்டாருக்கு எபோனைட்டில் முனைப்பலகை ஒன்று கடைந்து போட்டேன். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் கந்தக வாடை. திறந்து பார்த்தால் ஒரு திருகைச் சுற்றிப் பலகை பள்ளம் விழுந்து, திருகு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. மின்சாரம் எபோனைட் வழியாகக் கசியவே இல்லை. திருகு லேசாகத் தளர்ந்திருந்தது, அதனால் இணைப்பில் சூடு. அந்தச் சூடு வெளியே போக வழியில்லை, ஏனென்றால் சுற்றிலும் இருப்பது வெப்பக் காப்பான். சூட்டில் பலகை இளகியது, இளகியதும் திருகு இன்னும் தளர்ந்தது, தளர்ந்ததும் சூடு இன்னும் கூடியது. அன்று நான் பக்கத்தில் இருந்ததால் மோட்டாரை நிறுத்த முடிந்தது.

செந்தில்_சூடு:

சொன்னதற்கு நன்றி அக்கா. வில்லை வெட்டும் எண்ணத்தை விட்டுவிட்டேன். பீங்கான் வில்லையே வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயம் பிடிபடவில்லை. சூட்டைத் தடுப்பது நல்ல குணம் என்றுதானே நினைத்தேன், அதுவே எப்படி வினையாகிறது?

மெகர்_மாணிக்கம்:

கோமதி சொன்னதை எண்களில் பார்ப்போம். 10 ஆம்பியர் ஓடும் ஓர் இணைப்பில் 0.05 ஓம் மின்தடை வந்துவிட்டால் 5 வாட் வெப்பம். கேட்பதற்குக் குறைவு. ஆனால் விரல்நுனி அகலத்தில், எபோனைட்டுக்குள் புதைந்த ஒரு திருகில் 5 வாட் என்பது அதிகம். எபோனைட்டின் வெப்பக் கடத்து எண் சுமார் 0.17 வாட்/மீட்டர்-கெல்வின். செம்புக்கு 400. பீங்கானும் செம்பு அளவுக்குக் கடத்தாது, ஆனால் எபோனைட்டைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். அது பல நூறு டிகிரி தாங்கும் என்பது இன்னும் முக்கியம்.

"மின்சாரத்தையும் சூட்டையும் தடுக்கும்" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம், ஆனால் இரண்டும் ஒரே அளவில் இல்லை. செம்புக்கும் எபோனைட்டுக்கும் வெப்பக் கடத்தலில் வித்தியாசம் 2300 மடங்கு. மின்கடத்தலில் வித்தியாசம் 10²⁰ மடங்கைத் தாண்டும், ஒன்றுக்குப் பின்னால் இருபது சுழியங்கள். மின்சாரத்தை எபோனைட் ஏறத்தாழ நிறுத்தியே விடுகிறது. வெப்பத்தை அது தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். 3 மில்லிமீட்டர் தகட்டின் இரு பக்கமும் 40 டிகிரி வித்தியாசம் வைத்தால், 10 சதுர சென்டிமீட்டர் பரப்பு வழியாக 2 வாட்டுக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். 

கையால் தொட்டால் எபோனைட் வெதுவெதுப்பாகத் தெரிவதைப் பார்த்துப் பலர் அதைப் பெரிய வெப்பக் காப்பான் என்று நினைக்கிறார்கள். விரலிலிருந்து வெப்பத்தை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதைத்தான் தொடு உணர்வு சொல்கிறது. அதில் எபோனைட் மரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். கெட்டியான மற்ற பிளாஸ்டிக்குகளும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். அக்ரிலிக்குக்கு 0.19, பேக்கலைட்டுக்கு 0.2 அளவில். வெப்பத்தைப் பொறுத்தவரை எபோனைட்டுக்குத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை.

நிலவன்_88:

மின்சாரத்தில் இருபது சுழியம், வெப்பத்தில் மூன்று சுழியம்தான். ஏன் இவ்வளவு வித்தியாசம் ஐயா?

மெகர்_மாணிக்கம்:

மின்சாரத்தைச் சுமக்க மின்னூட்டமுள்ள ஏதோ ஒன்று நகர வேண்டும். நகர எதுவும் இல்லை என்றால் கதை முடிந்தது. வெப்பத்துக்கு எதுவும் இடம் பெயர வேண்டியதில்லை. ஒரு அணு அதிர்ந்தால் பக்கத்து அணுவும் அதிரும். அணுக்கள் இருக்கும்வரை அதை யாராலும் தடுக்க முடியாது. எபோனைட்டில் சங்கிலிகள் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடப்பதால் அதிர்வு சிதறிச் சிதறி மெதுவாகப் போகிறது. வைரத்தில் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் இறுக்கமாக நிற்பதால் அதிர்வு தடையில்லாமல் ஓடுகிறது. வைரம் மின்காப்பான், ஆனால் வெப்பத்தைச் செம்பைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். மின்காப்பு என்றாலே வெப்பக்காப்பு என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் வைரத்தைத்தான் காட்டுவேன்.

கந்தகம்_30:

வெப்பத்தை இன்னும் தடுக்க வேண்டும் என்றால் கெட்டி எபோனைட் உதவாது, உள்ளே வாயுவை அடைக்க வேண்டும். அழுத்தத்தில் நைட்ரஜனை ஏற்றி, மூடிய நுண்ணறைகளாக ஊதவைத்துச் செய்யும் நுரை எபோனைட் ஒன்று இருந்தது. அதன் கடத்து எண் 0.03 அளவுக்கு இறங்கும். அசையாத காற்றுக்கே 0.026 என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அறைகள் மூடியிருப்பதால் ஈரமும் ஏறாது. குளிர்பதன அறைகளுக்கு அதைப் போட்டார்கள். பாலிஸ்டைரீன், பாலியூரித்தேன் நுரைகள் மலிவாக வந்ததும் அது பின்வாங்கிவிட்டது.

வெப்பத்தை வெளியே விடாத இந்தக் குணம் எங்களையும் தயாரிப்பில் படாத பாடு படுத்தும். எபோனைட் வினை நடக்கும்போது ஏராளமான வெப்பத்தை வெளிவிடும். தடிமனான கட்டியின் நடுவில் உண்டாகும் வெப்பம் அங்கேயே தேங்கும், வெப்பநிலை ஏறும், ஏறினால் வினை இன்னும் வேகமாகும். கட்டுப்பாடு தவறினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பி நடுப்பகுதி தேன்கூடுபோல ஆகிவிடும். வெளியே பளபளப்பான தண்டு, உள்ளே ஓட்டை. அதனால்தான் தடித்த தண்டுகளை மெதுவாக, படிப்படியாக வேக வைக்கிறோம். ஏற்கெனவே வெந்த எபோனைட்டை அரைத்த தூளையும் கலவையில் சேர்ப்போம். அது மறுபடி வினைபுரியாது, அதனால் மொத்த வெப்பமும் குறையும், சுருக்கமும் குறையும்.

உயர் மின்னழுத்தத்துக்குத் தண்டு வாங்குபவர்கள் இந்த ஓட்டைக்குத்தான் பயப்பட வேண்டும். காற்றறைக்குள் மின்புலம் கூடுதலாகி அங்கே சிறு பொறிகள் தொடங்கினால் காப்பு உள்ளிருந்தே அரிக்கப்படும்.

வால்வு_வாசன்:

வெப்பம் பற்றிப் பேசும்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி. 1880-இல் கிரகாம் பெல்லும் சம்னர் டெய்ன்டரும் ஒளியால் ஒலியை அனுப்பும் ஃபோட்டோஃபோன் சோதனைகளைச் செய்தார்கள். ஒளிக்கற்றையின் குறுக்கே மெல்லிய கடின ரப்பர் தகட்டை வைத்தார்கள். கண்ணுக்கு ஒரு துளி ஒளியும் தெரியவில்லை. ஆனால் ஒலி முழுதாக நிற்கவில்லை! கண்ணுக்குக் கறுப்பான எபோனைட் அகச்சிவப்புக் கதிரில் ஒரு பகுதியை உள்ளே விடுகிறது. அதாவது, தொட்டுப் பரவும் வெப்பத்தைத் தடுக்கும் தகடு, கதிராக வரும் வெப்பத்தில் கொஞ்சத்தை விட்டுவிடும். மெல்லிய தகட்டுக்குத்தான் இது. உங்கள் 8 மில்லிமீட்டர் தகட்டில் அந்த அளவுக்குத் தெரியாது.

கதிர்_ஆய்வகம்:

இவ்வளவு கற்றுக்கொள்வேன் என்று நினைக்கவே இல்லை. இப்போது என் தகட்டுக்கு வருகிறேன். மேல்பக்கத்தை எப்படிச் சரிசெய்வது? உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா?

கடைசல்_கோமதி:

தேய்க்கலாம். மிக நைஸான உப்புத்தாள், தண்ணீர் விட்டு, ஒரே திசையில். உலர்வாகத் தேய்க்காதீர்கள். எபோனைட் சூட்டைக் கடத்தாததால் தேய்க்கும் இடத்திலேயே சூடு தேங்கிப் பரப்பு பிசுபிசுக்கும். துளை போடும்போதும் இதே கதைதான், சூடு முழுவதும் டிரில்லின் முனையில் ஏறும். முனை சீக்கிரம் மழுங்கும், கந்தக வாடை கிளம்பும். தூள் மூக்கில் போகாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வால்வு_வாசன்:

கோமதி அக்கா சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. தேய்த்தால் போன பரப்பு திரும்பாது. தகட்டில் தயாரிப்பாளர் முத்திரையோ எழுத்துப் பொறிப்போ இருந்தால் அதுவும் போய்விடும். முதலில் அமிலத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். மிக நீர்த்த அம்மோனியாக் கரைசலில் நனைத்த பருத்தித் துணியால் ஒருமுறை, பிறகு காய்ச்சி வடித்த நீரில் மூன்று நான்கு முறை. ஊறவைக்க வேண்டாம், வெந்நீர் வேண்டவே வேண்டாம். வெளுத்த எபோனைட் வெந்நீர் பட்டால் இன்னும் பச்சையாகும். நிறம் திரும்பாது. ஆனால் உங்களுக்கு வேண்டியது நிறமா, மின்காப்பா?

மெகர்_மாணிக்கம்:

வாசன் சொல்லும் வரிசையே சரி. முதலில் கழுவுங்கள், பிறகு அளந்து பாருங்கள், போதவில்லை என்றால் மட்டும் தேயுங்கள். ஆனால் கழுவியது நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். சிதைந்த படலம் அங்கேயே இருக்கும், வெளிச்சம் பட்டால் மீண்டும் அமிலம் சுரக்கும். கோமதியின் வழியில் படலமே போய்விடும். எழுத்துப் பொறிப்பு இல்லாத, மாணவர்கள் தினமும் பயன்படுத்தப்போகும் தகடு என்றால் நான் கோமதி பக்கம்தான். கடைசியில் பளபளப்பாக்கும் பசை எதையும் பூசிவிடாதீர்கள், அதன் எச்சமே கடத்தும். கழுவிய பிறகு வெறும் விரலால் பரப்பைத் தொடவும் வேண்டாம், வியர்வை உப்பு போதும்.

கதிர்_ஆய்வகம்:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். முத்திரை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு இரண்டு வழியையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தேன்.

கழுவும் முன் நனைந்த லிட்மஸ் தாளை மேல்பக்கத்தில் ஒட்டினேன். நீலத் தாள் சிவந்தது. ஐயா சொன்ன அமிலம் கண்ணெதிரே தெரிந்தது. மாணவர்களை அழைத்துக் காட்டினேன்.

அம்மோனியாவும் காய்ச்சி வடித்த நீரும் போட்டுத் துடைத்து, நிழலில் ஒருநாள் முழுக்க உலரவிட்ட பிறகு: 2 நிமிடம் வரை பொறி. முன்பு பத்து விநாடிகூட இல்லை. நிறம் அப்படியே பழுப்பு.

பிறகு தண்ணீர் விட்டு உப்புத்தாள். முதல் அரைமணி நேரம் வழிந்த நீர் பழுப்பாக இருந்தது, அதன் பிறகு கறுப்பு. மறுபடி கழுவி, உலர்த்தி, தேய்த்துப் பார்த்தேன். 20 நிமிடத்துக்குப் பிறகும் பொறி வந்தது. கீழ்ப்பக்கத்துக்கு ஏறத்தாழச் சமம்.

நேற்று மழை. அதே தகடு, இரண்டு பக்கமும் 3 நிமிடம்கூடத் தாங்கவில்லை. பயந்துவிட்டேன். சிலிகா ஜெல் போட்ட பெட்டியில் இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் எடுத்ததும் மறுபடி 20 நிமிடம்.

மெகர்_மாணிக்கம்:

பயப்பட வேண்டாம் தம்பி. அது காற்றின் ஈரம் பரப்பில் படிவது, சிதைவு இல்லை. உலர்ந்தால் திரும்பி வருவதே அதற்குச் சாட்சி. மழைநாளில் கண்ணாடியும் இப்படித்தான் நடந்துகொள்ளும், அது எபோனைட்டைவிட மோசம். பித்தளைத் தட்டின் கண்ணாடிக் கைப்பிடியையும் ஒருமுறை கழுவி உலர்த்திவிடுங்கள். கசிவில் ஒரு பகுதி அது வழியாகவும் இருக்கலாம்.

கதிர்_ஆய்வகம்:

சரி ஐயா, கைப்பிடியை இன்றே கழுவுகிறேன். தகட்டைக் கறுப்புத் துணியில் சுற்றி, சிலிகா ஜெல்லோடு மூடிய மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பெட்டி ஜன்னல் பக்கம் இருந்தது, அதையும் உள் அலமாரிக்கு மாற்றிவிட்டேன். வெள்ளி முனைகள் உள்ள மின்சாவிப் பலகை அதே அலமாரியில் இருந்ததை வாசன் சார் எழுதியதைப் படித்த பிறகுதான் கவனித்தேன். முனைகள் ஏற்கெனவே லேசாகக் கறுத்திருக்கின்றன. அதை வேறு அறைக்கு எடுத்துப்போகிறேன்.